பின்மூடிக் கல்வெட்டு

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்கிற பாய், அப்பாவின் எச்.எம்.டி ஜனதாவைத் திறந்து, பின்மூடியின் உட்புறத்தை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்க தம்பி, இதோட ஜாதகம் இதுலயே இருக்கு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பளபளவென்று ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான். கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸை எடுத்து என்னிடம் கொடுத்தார். தகட்டை டியூப் லைட் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தேன். ஊசி முனையால் கீறிய எழுத்துகள். ஓரத்தில் "11-77". அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் "3-84, எம்.எஸ்." எதிர்ப்பக்கம் சாய்வாக, அவசரமாகக் கீறினது போல "91".

வாட்ச் பழுது பார்க்கிறவர்கள் பின்மூடிக்குள் இப்படிக் கீறிவைப்பது பல நாடுகளில் பழைய வழக்கம். சொந்தக்காரருக்காக எழுதுவதில்லை இது. சொந்தக்காரர் மூடியைத் திறக்கவே மாட்டார். அடுத்தாற்போல் திறக்கப் போகிற தொழில்காரருக்காக, முன்பின் தெரியாத ஒருவருக்காக எழுதுவது. எப்போது திறந்தோம், என்ன மாற்றினோம் என்பதோடு சரி. பெரும்பாலும் பெயர்கூட இருக்காது. யார் எந்தக் கோயில் விளக்குக்கு எத்தனை ஆடு கொடுத்தார்கள் என்பதைக்கூடக் கல்லில் வெட்டிவைத்த தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவனுக்கு, இதைக் கல்வெட்டு என்று சொல்வதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

இந்த மூன்று வரிக் கல்வெட்டைப் படித்து எழுதியதுதான் கீழே வரும் வரலாறு.

முதல் கீறலுக்கு முன்னால்

இந்த வாட்சின் பூர்வீகம் டோக்கியோ. 1918-இல் அங்கே தொடங்கிய ஷோகோஷா என்ற கடிகார ஆராய்ச்சிக் கூடம், 1924-இல் ஒரு பாக்கெட் வாட்ச் செய்து முடித்தது. ஜப்பானில் அன்றைக்கு வாட்ச் என்பது வசதியானவர்கள் சாமான், அதிலும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சாமான். இது ஊர் ஜனங்கள் எல்லோர் கைக்கும் போய்ச்சேர வேண்டும் என்று டோக்கியோ மேயராக இருந்த கோட்டோ ஷிம்பேய் அதற்கு "சிட்டிசன்" என்று பெயர் வைத்தார். 1930-இல் கம்பெனியே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

சுதந்திரம் வாங்கிய சமயத்தில் நம் ஊர் நிலைமையும் அதுவே. ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் என்று பெரிய மனிதர்கள் கையில் இருந்ததெல்லாம் சுவிட்சர்லாந்துச் சரக்கு. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஓர் அண்ட் சன்ஸ் கட்டடத்து மணிக்கூண்டை நிமிர்ந்து பார்த்து நேரம் தெரிந்துகொண்டு போனவர்கள் ஆயிரம் பேர் என்றால், உள்ளே போய் ஒன்று வாங்கியவர்கள் பத்துப் பேர் இருந்திருப்பார்கள்.

1953-இல் பெங்களூரில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தொடங்கியது. பெயருக்கேற்றபடி அது லேத் முதலான எந்திரங்கள் செய்த அரசு நிறுவனம். அதற்குத் துணை நின்றது சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கான் கம்பெனி. இரும்பைக் கடைந்த இடத்தில் தலைமுடி கனத்துக்கு அச்சுக் கடைய வேண்டும் என்று முடிவானபோது, துணைக்கு வந்தது சிட்டிசன். 1961-இல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை வந்தது. அதில் தயாரான முதல் தொகுதி வாட்சுகளை வெளியிட்டவர் பிரதமர் நேரு. டோக்கியோ மேயர் வைத்த பெயரை யாரோ பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தது போல, அந்தத் தொழிற்சாலையின் வாட்சுகளில் ஒன்றுக்குப் பெயர் ஜனதா.

1977-இல் ஜனதா கட்சி ஆட்சிக்கு வந்தபோது, "என்ன, கட்சி மாறிட்டீங்களா?" என்று அப்பாவின் மணிக்கட்டைக் காட்டிக் கேலி செய்தவர்கள் உண்டு. வாட்ச் அதற்கு முன்பே கட்டியது என்று அவர் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஜனதா டயலில் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு சங்கதிகள் இருக்கும். ஒன்று "17 ஜுவல்ஸ்", மற்றது "பாரா ஷாக்". சிறுவயதில் நாங்கள் உள்ளே 17 வைரம் இருப்பதாகவே நம்பினோம். அண்ணன் ஒருநாள் அதை விற்றால் டிராக்டர் வாங்கலாம் என்று கணக்குப் போட்டான்.

இருப்பது செயற்கை மாணிக்கம். சக்கரத்தின் அச்சு முனை பித்தளைத் துளையில் சுழன்றால் சீக்கிரம் தேய்ந்து துளை அகன்றுவிடும். அந்த இடத்தில் துளையிட்ட கல்லைப் பதித்தால் தேய்மானம் மிகக் குறைவு. 1704-இல் நிக்கோலாஸ் ஃபாஷியோ என்ற ஜெனீவாக்காரர் லண்டனில் இந்த முறைக்கு உரிமம் வாங்கினார். நிஜக் கல் போட்டுச் செய்தவரைக்கும் விலை எட்டாத உயரத்தில்தான் இருந்தது. பிரான்சில் அகஸ்ட் வெர்னாய் தீச்சுவாலையில் மாணிக்கத்தை வளர்க்கும் வழியை 1902-இல் வெளியிட்டார். அதன் பிறகே கல் வைத்த வாட்ச் சாமானியர் கைக்கு இறங்கியது. நடுச் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டாக நான்கு சக்கரங்களுக்கு எட்டு, பேலட் என்ற கவைக்கு நான்கு, தாளம் சொல்லும் பேலன்ஸ் சக்கரத்துக்கு ஐந்து, மொத்தம் 17.

மாணிக்கம், நீலம் எல்லாம் ஒரே தாதுவின் பிள்ளைகள். அந்தத் தாதுவுக்கு உலகமெங்கும் அறிவியலில் வழங்கும் பெயர் கொரண்டம். அது நம் "குருந்தம்" என்ற சொல் கடல் கடந்து போய் மாறியது. திருச்சியிலும் சுற்று ஊர்களிலும் வீட்டுத் திண்ணையில் சக்கரம் வைத்துச் செயற்கைக் கல் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். ஜெனீவாவில் செய்தாலும் டோக்கியோவில் செய்தாலும், வாட்சுக்குள் உட்கார்ந்திருக்கிற கல்லின் பெயரில் கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

11-77

வாட்ச் திருக்காட்டுப்பள்ளிக்கு வந்தது மாப்பிள்ளை வரிசையில். மாப்பிள்ளைக்கு மோதிரம், வாட்ச், கோட்டு என்பது அந்தக் காலத்துப் பேச்சு. எச்.எம்.டி அப்போது கேட்டவுடன் கிடைக்கிற சாமான் கிடையாது. தாத்தா திருச்சிக்கு மூன்று நடை நடந்து வாங்கி வந்தாராம். "மோதிரத்துல எடையக் கொறச்சுத்தான் வாட்ச் வந்துச்சு" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். அது வருத்தமா பெருமையா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

அப்பா ஆற்றுப் பாசனத்தில் லஸ்கர். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற ஊர் எங்களுடையது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். அதற்குப் பிறகு அப்பா வீட்டுக்காரர் இல்லை, ஆற்றுக்காரர். ஷட்டர் ஏற்றினால் ஏற்றிய நேரம், இறக்கினால் இறக்கிய நேரம், அப்போதைக்கு அளவுகோலில் தண்ணீர் நின்ற உயரம் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். தண்ணீர் தட்டுப்பாடான வருஷத்தில் முறை வைத்துத் திறப்பார்கள். அரை மணி முன்னே பின்னே ஆனால்கூடக் கீழ்மடைக்காரர் கேட்டுக்கொண்டு வந்துவிடுவார். அவருக்குப் பதில் சொல்ல அப்பாவிடம் இருந்த ஒரே சாட்சி இந்த வாட்ச்.

நம் பக்கத்தில் நேரத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு பழையது. அடியில் பொடித் துளை போட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழ்கிற நேரத்தை நாழிகை என்று எண்ணினார்கள். நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். முல்லைப்பாட்டில் வரும் பாசறையிலேயே நீர்க்கடிகாரம் பார்த்து அரசனுக்கு நேரம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கும்பகோணம் பக்கத்தில் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் வெயிலில் நிழல் பார்க்கிற கடிகாரம் இருக்கிறது. மழைநாளில் மதில் உதவாது, அப்போதும் கிண்ணம்தான். ஒரு காலத்தில் தண்ணீரை வைத்து நேரத்தை அளந்தார்கள். அப்பா நேரத்தை வைத்துத் தண்ணீரை அளந்தார்.

காலை 7.15-க்கு ஆகாசவாணியில் டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும். அப்பா அதற்கு முன்பே வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். செய்தி தொடங்கும் நொடியில் முள்ளைச் சரிசெய்வார். பிறகு சாவி கொடுப்பார். எண்ணிக் கொடுப்பார். ஒரு தரம்கூடச் செய்தியை அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

1977 நவம்பரில் வந்த புயலை டெல்டாக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. நாகப்பட்டினம் பக்கம் கரையேறி உள்நாட்டுக்குள் புகுந்து பெய்த மழையில் திருச்சி நகரத்துக்குள்ளேயே வெள்ளம் வந்தது. ஆற்றங்கரையில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டு அப்பா இரண்டு ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது சட்டை, வேட்டி எல்லாம் சேறு. வாட்ச் கண்ணாடிக்குள் ஆவி பிடித்திருந்தது, நின்றிருந்தது. ஜனதா அடி தாங்கும், தண்ணீர் தாங்காது. பாரா ஷாக் என்பது 1956-இல் சிட்டிசன் கொண்டுவந்த ஏற்பாடு. கீழே விழுந்தால் பேலன்ஸ் அச்சின் முனை முறியாமல், அதைத் தாங்கும் கல் ஒரு சின்ன ஸ்பிரிங்கில் அசைந்துகொடுக்கும். காவிரிக்கு எதிராக அது ஒன்றும் செய்யாது.

அம்மா அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். மூன்றாம் நாள் அப்பா தஞ்சாவூருக்கு எடுத்துப் போனார். அங்கே யாரோ திறந்து, துடைத்து, துரு சுரண்டி, "11-77" என்று கீறி மூடியிருக்கிறார்.

பாய் அந்த வேலையைப் படித்துக் காட்டினார். "ஸ்டெம் மாத்திருக்காரு, சாவி குடுக்குற தண்டு. இது கம்பெனி ஸ்டெம் இல்ல, கடையில கடைஞ்சு போட்டது. கைவேல. ஹேர் ஸ்பிரிங்ல துரு புள்ளி இருக்கு பாருங்க, அதத் தொடாம விட்ருக்காரு. தொட்டிருந்தா அன்னிக்கே போயிருக்கும். வெவரமான ஆளு."

47 வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் இருந்த ஒருவருக்குத் திருக்காட்டுப்பள்ளியில் இருந்து சர்ட்டிபிகேட் கிடைத்தது.

3-84, எம்.எஸ்.

எம்.எஸ். என்றால் மெயின் ஸ்பிரிங். இந்தக் கீறலுக்குக் குற்றவாளி நான்.

எட்டு வயதில் ஒருநாள், அப்பா குளிக்கப் போன சமயம் பார்த்து வாட்சை எடுத்துச் சாவி கொடுத்தேன். சர்சர் என்று விரலில் ஓடுகிற அந்தச் சுகம் நிறுத்தவிடவில்லை. உள்ளே டப் என்று ஒரு சத்தம். பிறகு சாவி எவ்வளவு திருப்பினாலும் பிடிமானமில்லாமல் சுற்றியது. அன்றைக்கு வாங்கிய அடி முக்கியமில்லை. "ஆத்துல கெடந்து பொழச்ச வாட்ச், இவன் கையில செத்துச்சு" என்று அப்பா சொன்னதைத்தான் இவ்வளவு காலம் சுமந்தேன்.

பாயிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"சாவி ஜாஸ்தி குடுத்தா அறாது தம்பி. முழுசா ஏறினதும் அதுவே கெட்டியா நின்னுக்கும், சின்னப் புள்ள வெரலுக்கு அதுக்கு மேல தெம்பு ஏது? அது கம்பி களைச்சு அத்துருக்கு. பத்து வருஷம் தெனம் இறுக்கி அவுத்தா இரும்பு என்ன பண்ணும்? அன்னிக்கு உங்க கையில வந்துச்சு, அவ்ளோதான்."

தண்டனை அனுபவித்து முடித்து 40 வருஷம் கழித்து விடுதலைத் தீர்ப்பு.

அந்தச் சுருளைத் தனியாக எடுத்து நீட்டிக் காட்டினார். இவ்வளவுதான் வாட்சின் வயிறு. காலையில் விரலால் ஏற்றுகிற பலம் இதில் சுருண்டு உட்கார்ந்துகொண்டு, ஒன்றரை நாள் வரை மெல்ல மெல்ல அவிழ்கிறது. ஒரேயடியாக அவிழ்ந்துவிடாமல் பிடித்துப் பிடித்து விடுகிறது பேலட் கவை. எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று அதற்குத் தாளம் சொல்வது பேலன்ஸ் சக்கரம். மணிக்கு 18,000 தட்டு. வினாடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000. நம் இதயம் துடிப்பதைப் போல நாலு பங்கு, ஓய்வே இல்லாமல்.

ஆற்றில் ஷட்டர் செய்வதும் அதே வேலை. மேட்டூரில் தேங்கிய பலத்தை ஒரேயடியாக விடாமல், அளவு வைத்து, முறை வைத்து விடுவது. அப்பா இதை யோசித்திருப்பாரா என்று தெரியாது. ஆனால் அவர் வேலையைச் சின்னதாகச் செய்து அவர் கையிலேயே கட்டியது போலத்தான் இருந்தது.

பேலன்ஸுக்குள் முடிமாதிரி சுருண்டிருக்கும் ஹேர் ஸ்பிரிங், டச்சுக்காரர் கிறிஸ்டியான் ஹியூஜன்ஸ் 1675-இல் அறிவித்தது. அந்த யோசனை முதலில் தனக்கு வந்ததென்று லண்டனில் ராபர்ட் ஹூக் சண்டைக்கு நின்றார். அதற்கு முன்பெல்லாம் பையில் வைக்கிற கடிகாரத்தில் நிமிட முள் வைப்பதே வீண்வேலை. அவ்வளவு மோசமாக நேரம் காட்டும். 1759-இல் ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் முடித்துக் கொடுத்த கையடக்கக் கடிகாரம், மாதக்கணக்கில் கடலில் போகும் கப்பலுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் அளவுக்குப் பிசகாமல் ஓடியது. ஆட்டத்துக்கும் வெயிலுக்கும் குளிருக்கும் ஈடுகொடுத்து ஓடியதுதான் அதன் சாதனை.

சுவிட்சர்லாந்துக்கு இந்தத் தொழில் போய் வேரூன்றியதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெனீவாவில் 16-ஆம் நூற்றாண்டில் மதகுரு கால்வின் ஆடம்பரம் கூடாது என்று நகைகளுக்குத் தடை போட்டார். தட்டார்கள் கை சும்மா இருக்குமா? கடிகாரத்துக்குத் திரும்பினார்கள். நகரத்திலிருந்து அது ஜூரா மலைக் கிராமங்களுக்குப் போனது. அங்கே பனி பெய்கிற மாதங்களில் வயலில் வேலை இல்லை. மாட்டைக் கட்டிவிட்டு, ஜன்னலோரம் பலகை போட்டு, ஒரு வீடு சக்கரம் மட்டும், ஒரு வீடு திருகாணி மட்டும் என்று செய்து கொடுத்தார்கள். தை அறுவடை முடிந்து ஆனியில் தண்ணீர் வருகிற வரைக்கும் கை சும்மா இருக்கிற நம் பக்கத்துக் கிராமங்களில் திருச்சிக் கல் பட்டை தீட்டியதும் இதே கணக்கு. உலகத்தின் நுணுக்கமான வேலை பலவும் விவசாயி வீட்டு வேலையில்லாக் காலத்தில் பிறந்ததுதான்.

91

1991-இல் கீறியவர் என்ன செய்தார் என்று எழுதவில்லை. பாய் பார்த்துவிட்டு, "சும்மா எண்ணெ விட்ருக்காங்க. அதுவும் ஜாஸ்தி" என்றார். அவருக்குப் பிடிக்கவில்லை. அவசரக் கையெழுத்துக்குக் காரணம் புரிந்தது. அந்த வருஷத்தில் யாருக்கும் சாவி வாட்சுக்குப் பொறுமையில்லை.

1969 டிசம்பர் 25-இல் ஜப்பானின் செய்கோ கம்பெனி ஆஸ்ட்ரான் என்ற கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. உள்ளே பேலன்ஸ் இல்லை, பேட்டரியும் ஒரு குவார்ட்ஸ் துண்டும். இன்றைய குவார்ட்ஸ் வாட்சில் அந்தத் துண்டு வினாடிக்கு 32,768 தரம் அதிர்கிறது. வினாடிக்கு ஐந்து தட்டுகிற ஜனதா அதோடு என்ன போட்டி போட? சுவிட்சர்லாந்திலேயே 1970-இல் சுமார் 90,000 பேர் இருந்த தொழிலில் 1980-களின் நடுவில் சுமார் 30,000 பேர்தான் மிஞ்சினார்கள்.

நம் பக்கம் அந்த அலை ஓசூர் வழியாக வந்தது. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-இல் டைட்டனைத் தொடங்கின. ஜெர்க்ஸஸ் தேசாய் அதை நடத்தினார். மெலிசாக, பளபளப்பாக, பேட்டரி போட்டு வந்த வாட்சுகள். டிவியில் மொசார்ட்டின் 25-ஆவது சிம்பொனி பின்னணியில் விளம்பரம். மொசார்ட் யாரென்று தெரியாமலே எங்கள் தெருவில் எல்லோரும் அதை முணுமுணுத்தார்கள். இதே ஓசூர்த் தொழிற்சாலை 2002-இல் வெறும் 3.5 மில்லிமீட்டர் கனத்தில் எட்ஜ் என்ற வாட்சைக் கொண்டுவந்தது. அதையும் மட்டமாகச் சொல்ல முடியாது. அதுவும் கைவேலைதான், வேறு வகை.

சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா அப்பாவுக்கு ஒரு குவார்ட்ஸ் வாட்ச் கொண்டுவந்தார். "மச்சான், இதுக்குச் சாவியே வேணாம்." அப்பா மறுக்கவில்லை. கட்டிக்கொண்டார். ஆனால் காலையில் 7.15 செய்தி வந்தபோது அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சில நாள் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார். ஜனதா டிரங்குப் பெட்டிக்குள் பத்திரங்களோடு சேர்ந்து படுத்தது. அப்பா போன பிறகு அந்தப் பத்திரங்களைத் தேடியபோதுதான் என் கைக்கு வந்தது.

நாலாவது கீறல்

வாட்ச் பெட்டிக்குள் கிடந்த காலத்தில் வெளியே அதன் குலமே அழிந்தது. எச்.எம்.டி பெங்களூர், துமகூரு, ஸ்ரீநகர், நைனிதால் பக்கத்து ராணிபாக் என்று பரவிய நிறுவனம். அவர்கள் கணக்குப்படி விற்ற வாட்சுகள் 10 கோடிக்கும் அதிகம். நஷ்டம் ஏறிக்கொண்டே போய், 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி வாட்ச் நிறுவனத்தை மூட ஒப்புதல் கொடுத்தது. துமகூரு தொழிற்சாலை நிலம் இஸ்ரோவுக்குப் போனது. பெங்களூர் ஜாலஹள்ளியில் 2019-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எங்கிருந்தோ ஜனங்கள் வந்து வரிசையில் நின்று மிச்ச வாட்சுகளை வாங்கினார்கள். தேவையிருந்த நாளில் வராத பாசம்.

தொழிற்சாலை மூடினால் உதிரிபாகத்துக்கு எங்கே போவது? பாய் மேசை டிராயரைத் திறந்தார். பழைய மருந்து டப்பாக்கள், ஃபிலிம் ரோல் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் செத்துப்போன வாட்சுகளின் உறுப்புகள். "இது எல்லாம் ஜனதா. இது சோனா. இது லேடீஸ் வாட்ச், சுஜாதா." ஒருவர் வீட்டில் செத்தது இன்னொருவர் கையில் ஓடுகிறது.

வேலையை உட்கார்ந்து பார்த்தேன். மின்விசிறியை முதலில் நிறுத்தினார். பேலன்ஸை ட்வீசரால் தூக்கினார். அதன் அச்சு முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தூக்கும்போது ஹேர் ஸ்பிரிங் நூலாம்படை மாதிரி தொங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டது நான்தான், அவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டேயிருந்தார். சக்கரங்களைக் கழற்றிக் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோலில் போட்டார். 33 வருஷத்து எண்ணெய் பிசினாகிக் கரைந்து மஞ்சளாய் மிதந்தது. கூர் சீவிய குச்சியால் ஒவ்வொரு கல்லின் துளையையும் குத்தித் துடைத்தார். திரும்பக் கோத்து, ஊசி முனையில் தொட்டு எண்ணெய் வைத்தார். ஒரு துளியில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. "ஜாஸ்தி விட்டா தூசிய இழுக்கும்" என்றார், 91-ஆம் வருஷத்து ஆளை மறக்காமல்.

பேலன்ஸை இறக்கி வைத்தார். ஒருகணம் ஒன்றுமில்லை. கையை லேசாக ஆட்டினார். சக்கரம் அசைந்தது, தயங்கியது, பிடித்துக்கொண்டது. வாட்சைக் கேட்டுப் பார்க்கச் சொல்லிக் காதில் வைத்தார். எட்டு வயதில் அப்பாவின் கைமேல் தலைவைத்துப் படுத்தபோது கேட்ட அதே சத்தம்.

மறுநாள் போனபோது கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார். "ரெகுலேட்டர கடைசி வரைக்கும் தள்ளிட்டேன் தம்பி. ஆனாலும் நாளைக்கு ரெண்டு நிமிஷம் ஸ்லோ போகுது. எழுபத்தேழுல புடிச்ச துரு. ஸ்பிரிங்க மாத்தினா சரியாயிடும். மாத்தட்டுமா?"

வேண்டாம் என்றேன். நாளுக்கு இரண்டு நிமிடம் என்பது 720-இல் ஒரு பங்கு. மிச்சம் 719 பங்கையும் துருப்பிடித்த கம்பியை வைத்துக்கொண்டு சரியாக எண்ணுகிறதே.

அதோடு, எது சரியான நேரம் என்பதும் கொஞ்சம் யோசிக்க வேண்டியதே. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. திருக்காட்டுப்பள்ளி 79 பாகைக்கும் சற்று மேற்கே. ஆக, எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.14-க்கு. பஞ்சாங்கக்காரர்கள் தேசாந்தரம் என்று கூட்டிக் கழிப்பது இதைத்தான். 1906-இல் இந்திய நேரம் வருவதற்கு முன்னால், இந்த நாட்டு ரயில்கள் சென்னை வானாய்வகத்து நேரத்துக்கு, கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்திய நேரத்துக்கு, ஓடிக்கொண்டிருந்தன. இன்றைய கணக்குக்கு எங்கள் ஊர் அக்னீஸ்வரர் கோயில் கோபுரத்துக்கு மேலே வருகிற சூரியனே கால் மணி ஸ்லோ. அதை யாரும் ரிப்பேருக்கு எடுத்துப் போவதில்லை.

எந்திரக் கடிகாரம் செய்யும் கலையை, ஜூரா மலைப்பகுதியின் சார்பாக சுவிட்சர்லாந்தும் பிரான்சும் கேட்டு, 2020-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. நியாயம்தான். ஆனால் தொழிற்சாலையில் ஒரு வாட்சை ஒருமுறைதான் செய்து அனுப்புகிறார்கள். இந்த ஜனதாவை பெங்களூரில் ஒருமுறை செய்தார்கள், தஞ்சாவூரில் 1977-இல் ஒருமுறை செய்தார்கள், 84-இல் ஒருமுறை, இப்போது திருக்காட்டுப்பள்ளியில் ஒருமுறை. கல்யாணத்தன்று அப்பா கையில் ஏறிய வாட்சில் ஸ்டெம் மாறிவிட்டது, மெயின் ஸ்பிரிங் மாறிவிட்டது, கண்ணாடி மாறிவிட்டது, பட்டை எத்தனையோ தரம் மாறிவிட்டது. மாறாமல் இருப்பது அந்தத் துருப்பிடித்த ஹேர் ஸ்பிரிங்கும், அதைத் தொடாமல் விட்ட விவரமும்.

மூடுவதற்கு முன்னால் பாய் பின்மூடியைத் துணியில் வைத்து, ஊசியை எடுத்தார். மூன்று கீறலுக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தில் மாதமும் வருஷமும் போட்டார். கொஞ்சம் யோசித்து, அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு கழித்தல் குறியும் "2"-உம் கீறினார்.

"பேரு போடலியா பாய்?"

"எதுக்கு? தெறக்குறவனுக்கு வேல தெரிஞ்சா போதும்."

இப்போது காலை 7.15-க்கு நான் அதைக் கையில் எடுத்து, முள்ளை இரண்டு நிமிடம் முன்னே தள்ளி, சாவி கொடுக்கிறேன். எண்ணிக் கொடுக்கிறேன்.